இரண்டைப் பூஜ்யமாக்கியவள்

என்னைப் பெற்ற தகப்பனின் நோயை மறைத்தவள் நான். கைதவறி அல்ல. தெரிந்தே, கண்களைத் திறந்து வைத்துக்கொண்டே, வலது கையின் ஒரே ஒரு விரலால் மறைத்தேன். அந்தப் பழியை என் தோழி ஒருத்தி சுமந்தாள். அவளைச் சுமக்க விட்டவளும் நானே!

பத்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஒருவரிடமும் வாய் திறந்ததில்லை. இன்று முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். முகம் தெரியாததால்தான் சொல்ல முடிகிறதோ...

நான் இப்போது பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் பிரிவில் மேற்பார்வையாளர். உங்கள் பிள்ளையின் மதிப்பெண் பட்டியல், உங்கள் வீட்டு மின்சார பில், இவையெல்லாம் என்னைப் போன்றவர்களின் அறைகளிலிருந்துதான் வெளிவருகின்றன. நீங்கள் அவற்றைச் சந்தேகிப்பதில்லை. "மிஷின் போட்டது, தப்பாகுமா?" என்கிறீர்கள். உங்களை நான் குறை சொல்லவில்லை. என் நைனாவும் அப்படித்தான் சொன்னார்.

நைனா என்றால் அப்பா. கோலார் தங்க வயலில் நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் பெயர் வேலாயுதம். பாறையில் துளை போடும் இயந்திரத்தைத் தோளில் தாங்கிப் பிடிக்கும் வேலை. பதினெட்டு வயதில் குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து 'கேஜ்' ஏறியவர். கூண்டு போன்ற அந்தப் பெட்டியில் நின்றபடி பூமிக்குள் இறங்குவார்கள். நான் பத்தாவது தேறி, டைப்ரைட்டிங் முடித்து, சுரங்க அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று, அவர் கம்பெனி கட்டிக் கொடுத்த லைன் வீடுகளில் ஒவ்வொரு வாசலாக நின்று சொன்னார்: "எம்பொண்ணு மிஷின்ல வேலை செய்றா. நானும் மிஷின்தான், அவளும் மிஷின்தான்!"

என்னுடையதும் துளை போடும் இயந்திரந்தான். அவர் பாறையில் போட்டார், நான் அட்டையில் போட்டேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. பேரேடுகளுக்குப் பதிலாக அட்டைகள் வந்திருந்தன. ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஓர் அட்டை. அவனுடைய எண், வயது, சுரங்கத்தில் எந்த ஆழத்து லெவலில் வேலை என்பதெல்லாம் அதில் சிறுசிறு துளைகளாக இருக்கும். நாங்கள் தட்டச்சு செய்வது போல விசைகளை அழுத்தினால் அட்டையில் துளை விழும். அந்தத் துளைகளைப் படித்து வேறோர் இயந்திரம் பட்டியல் அச்சடித்துத் தரும்.

அந்த அறைக்குள் முதன்முதலாக நுழைந்த கணத்தை மறக்க மாட்டேன். சில்லென்றிருந்தது! இயந்திரத்துக்குச் சூடு ஆகாதென்று அறையையே குளிர வைத்திருந்தார்கள். எனக்கு உடனே நைனா வேலை செய்யும் ஆழம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அங்கே பாறையே கொதிக்கும், ஆண்கள் கோவணத்துடன் நின்று வேலை செய்வார்கள். நினைவுக்கு வரவில்லை. 'இங்கே நான் வியர்க்க மாட்டேன்' என்று மட்டும்தான் நினைத்தேன்.

எனக்குப் பக்கத்து நாற்காலி ஸ்டெல்லாவுடையது. நான் துளையிட்ட அட்டைகளை அவள் இன்னொரு முறை, மூலப் படிவத்தைப் பார்த்து, சரிபார்க்கும் இயந்திரத்தில் அழுத்துவாள். இருவரும் அழுத்தியது ஒத்துப்போனால் அட்டையின் ஓரத்தில் ஒரு சிறு வெட்டு விழும். ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு விளக்கு எரிந்து இயந்திரம் நின்றுவிடும். அதாவது என் தவற்றைப் பிடிப்பதே அவளுடைய வேலை. அப்படிப்பட்ட இருவர் நெருங்கிய தோழிகளாக இருக்க முடியுமா? இருந்தோம்.

ஸ்டெல்லாவின் தகப்பனார் சுரங்கத்தில் பாறை வெடித்துச் சரிந்ததில் இறந்துபோனவர். அந்த இழப்புக்காக அவளுக்கு வேலை கொடுத்து, தாயும் மகளும் அதே லைன் வீட்டில் இருக்கவும் அனுமதித்திருந்தார்கள். அவள் வேலை போனால் வீடும் போகும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே எங்கள் வீட்டுக்கு வருவாள். என் நைனாவை அவளும் நைனா என்றே கூப்பிடுவாள். "எனக்கு ரெண்டு பொண்ணு. ஒண்ணு கோயிலுக்குப் போவும், ஒண்ணு சர்ச்சுக்குப் போவும்" என்பார் அவர்.

எங்கள் மேலதிகாரி ராவ் சார் மைசூர்க்காரர். இயந்திரத்தின் மீது தீராத காதல் கொண்டவர். ஒருநாள் எங்கள் இருவரையும் அழைத்தார்.

"பெங்களூர்ல கம்ப்யூட்டர் டிரெய்னிங், மூணு மாசம். நம்ம ஆபீஸ்லேருந்து ஒருத்தரத்தான் அனுப்ப முடியும். உங்க ரெண்டு பேர்ல யாரு?"

வெளியே வந்ததும் ஸ்டெல்லா ஒரு நிமிடங்கூட யோசிக்கவில்லை. "நீ போ, சரோ. எங்கம்மாவ உட்டுட்டு என்னால போவ முடியாது. உனக்கு இன்னா, நைனா இருக்காரு, அம்மா இருக்காங்க. நீ போய்ட்டு வந்து எனக்குச் சொல்லிக் குடு."

எவ்வளவு எளிதாகக் கொடுத்துவிட்டாள்! நான் அவ்வளவு எளிதாக எடுத்துக்கொண்டேன். அன்றுமுதல் எனக்குள் ஒரு வாழ்க்கை ஓடத் தொடங்கியது. பெங்களூரில் பெண்கள் விடுதி. கைக்கடிகாரம். யாரையும் கேட்காமல் பேருந்து ஏறி இறங்குவது. 'இன்னாருடைய மகள்' என்று இல்லாமல், என் பெயராலேயே அறியப்படுவது... இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி இவற்றுக்கு ஆசைப்படுவது குற்றமா? இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அந்த ஆசைக்கு நான் எதைக் கொடுத்தேன் என்பதுதான் கேள்வி.

பயிற்சிக்கு இரண்டு மாதம் இருந்தபோது மருத்துவப் படிவங்கள் வந்தன.

ஆழத்தில் வேலை செய்பவர்களுக்கெல்லாம் நெஞ்சில் எக்ஸ்ரே எடுத்து, டாக்டர் பார்த்து, படிவத்தில் ஒரே ஓர் எண் எழுதியிருப்பார். ஒன்றுமில்லை என்றால் பூஜ்யம். சந்தேகம் என்றால் ஒன்று. பாறைத்தூசு நுரையீரலில் படிந்து நோயாகிவிட்டது என்றால் இரண்டு. அந்த எண்ணை அட்டையில் ஏற்றுவோம். ஒன்றும் இரண்டும் உள்ளவர்களின் பெயர்களை இயந்திரம் பிரித்துப் பட்டியல் போடும். பட்டியலில் பெயர் வந்தவனை மேலே ஏற்றிவிடுவார்கள். மறுபடி அவன் கீழே இறங்கக் கூடாது. ஓய்வு கொடுத்து, சில மாதங்களில் வீட்டைக் காலி செய்யச் சொல்லி, ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

அன்று முற்பகல் பதினொரு மணி இருக்கும். அடுத்த படிவத்தைப் புரட்டினேன். வேலாயுதம். இரண்டு.

என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? முதலில் அழுகை வரவில்லை. உங்களிடம் பொய் சொல்லப் போவதில்லை... முதலில் வந்தது ஒரு கணக்கு. இரண்டு என்றால் பட்டியல். பட்டியல் என்றால் ஊர். கல்யாணமாகாத பெண்ணை இங்கே தனியாக விட்டுவிட்டு நைனாவும் அம்மாவும் போவார்களா? மாட்டார்கள். குடியாத்தம் பக்கம் அந்தக் கிராமத்தில் எனக்கு என்ன இருக்கிறது? பெங்களூர் போயிற்று. கம்ப்யூட்டர் போயிற்று. என் பெயர் போயிற்று!

இவையெல்லாம் மனத்தில் ஓடிய பிறகே 'நைனாவுக்கு நோய்' என்ற எண்ணம் வந்தது. எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்பதை நான் அறிவேன். அந்த வரிசையை மாற்றிச் சொல்லிக்கொள்ள எத்தனையோ முறை முயன்றிருக்கிறேன். முடியவில்லை.

'ஒரே ஒரு வருஷம்' என்று எனக்கு நானே சொன்னேன். அடுத்த வருஷம் மறுபடி எக்ஸ்ரே எடுப்பார்கள். அதில் வந்துவிடும். அதற்குள் நான் பயிற்சி முடித்துப் பெங்களூரிலேயே வேலை தேடி, அவர்களையும் அழைத்துக்கொள்வேன். இத்தனை வருஷம் இருமிக்கொண்டே வேலை செய்தவருக்கு இன்னும் ஒரு வருஷத்தில் என்ன ஆகிவிடும்?

பூஜ்யத்தை அழுத்தினேன். டக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான்!

ஆனால் ஸ்டெல்லா இருந்தாள். அவள் அந்தப் படிவத்தைப் பார்த்து இரண்டை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். அந்த அட்டைக்கட்டு முடியும்வரை பொறுத்திருந்தேன். மதியச் சங்கு ஊதியது.

"நீ போய்ச் சாப்பிடு, ஸ்டெல்லா. எனக்குப் பசிக்கல. இந்தக் கட்டை நானே செக் பண்ணி வெக்கிறேன்" என்றேன்.

"அய்ய, பஞ்ச் பண்ணவளே செக் பண்ணலாமா? ராவ் சார் பாத்தாருன்னா..."

"பாக்க மாட்டாரு. உங்கம்மாவுக்கு மருந்து வாங்கணும்னியே, போய்ட்டு வா."

போனாள். அவளுடைய நாற்காலியில் அமர்ந்தேன். ஒவ்வோர் அட்டையாகச் சரிபார்த்தேன். மற்ற அட்டைகளை எவ்வளவு கவனமாகப் பார்த்தேன், தெரியுமா? அன்று ஒரு தவறுகூட விடவில்லை. நைனாவின் அட்டை வந்தபோது மறுபடி பூஜ்யம். அட்டையின் ஓரத்தில் வெட்டு விழுந்தது. சரி என்று இயந்திரம் சான்று கொடுத்துவிட்டது.

திரும்பி வந்த ஸ்டெல்லா கட்டின்மேல் இருந்த சீட்டை எடுத்தாள். "எல்லாம் பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."

சரிபார்த்தவர் என்ற இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள். 'சர்க்கரை போட்டாயா' என்று கேட்டுவிட்டு ஒருவர் காப்பியைக் குடிப்பதில்லையா, அவ்வளவு சாதாரணமாகப் போட்டாள்.

பட்டியல் ஒட்டிய அன்று நைனா முதல் ஷிப்டு முடிந்து நேரே வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இன்னா கண்ணு... லிஸ்டுல எம்பேரு கீதா, இல்லியா? நான் போய்ப் பாக்கல. பயமா இருந்திச்சி."

"இல்ல நைனா. உங்களுக்கு ஒண்ணுமில்ல."

"நல்லாப் பாத்தியா?"

"நானே போட்ட கார்டு நைனா."

அவர் முகம் மலர்ந்ததை எப்படிச் சொல்வேன்! அம்மாவைக் கூப்பிட்டார். "கேட்டியாடி? ஒண்ணுமில்லயாம். மிஷினே சொல்லிடுச்சி. நீதான் ஊருக்குப் போலாம், ஊருக்குப் போலாம்னு ஒப்பாரி வெச்சிக்கினு இருந்த." சிரித்தார். சிரிக்கும்போதே இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டு, "இது பீடி இருமல்" என்றார்.

இத்தோடு நின்றிருந்தால்கூட... இல்லை, நிற்கவில்லை. நெஞ்சு சுத்தம் என்று இயந்திரமே சொல்லிவிட்ட தைரியத்தில், இன்னும் ஆழமான லெவலில் ஆள் வேண்டும் என்றபோது நைனா தானே போய்ப் பெயர் கொடுத்தார். "எம்பொண்ணு பெங்களூரு போறா. திரும்பி வர்றதுக்குள்ள அவளுக்கு நானும் ஏதாச்சும் செய்ய வேணாமா?" என்று அம்மாவிடம் சொன்னாராம். எனக்குத் தெரிந்தது. தடுக்கலாம். 'வேண்டாம் நைனா' என்று இரண்டு வார்த்தை. ஏன் என்று கேட்பாரே! ஏன் என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்?

பெட்டியைக் கட்டினேன். மாரிக்குப்பத்தில் ரயிலேற்றிவிட நைனாவும் ஸ்டெல்லாவும் வந்தார்கள். படியேறும்போது என் பெட்டியை நைனாவின் கையிலிருந்து ஸ்டெல்லா வாங்கிக்கொண்டாள். அவருக்கு மூச்சு வாங்கியதை அவள் கவனித்திருந்தாள். நான் ஜன்னலோர இடத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பெங்களூரில் அந்த மூன்று மாதமும் நான் மகிழ்ச்சியாக இருந்தேன். இதையும் ஒப்புக்கொள்கிறேன். உறுத்தல் தின்றது, தூக்கமில்லை என்றெல்லாம் சொன்னால் உங்களுக்கு என்மீது சிறிது இரக்கம் பிறக்கும். உண்மை அதுவன்று. நன்றாகத் தூங்கினேன். வகுப்பில் முதலாவதாக வந்தேன். அங்கே பாடம் எடுத்தவர் அடிக்கடி ஒன்று சொல்வார்: "கம்ப்யூட்டருக்கு நல்லது கெட்டது தெரியாது. நீ கொடுத்ததைத்தான் அது திருப்பிக் கொடுக்கும்." அதை அழகான கையெழுத்தில் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். எழுதிய கை எது? அதே கை!

பயிற்சி முடிந்து திரும்பி, பழைய நாற்காலியில் சில மாதங்கள் ஓடின. அடுத்த எக்ஸ்ரேக்கு ஒரு மாதமே இருந்தது. ஒருநாள் மதியம் ஸ்டெல்லா ஓடிவந்தாள். "சரோ, நைனாவ கேஜ்ல தூக்கினு வந்திருக்காங்க. வா!"

துளையிடும் இயந்திரத்தைப் பிடித்தபடியே மூச்சடைத்து விழுந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவருடைய விலா எலும்புகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. புதிய எக்ஸ்ரே எடுத்த டாக்டர் பழையதையும் வரவழைத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"போன வருஷமே நான் ரெண்டுன்னு எழுதியிருக்கேனே! இவரை யார் மறுபடி கீழே அனுப்பினது?"

அம்மா வாயில் முந்தானையை அழுத்திக்கொண்டாள். நைனா என்னைப் பார்த்தார். மூச்சுக்கு நடுவே கேட்டார்: "இன்னா கண்ணு... நீ போட்ட கார்டுதானே?"

"மிஷின் தப்பு பண்ணிருக்கும் நைனா" என்றேன்.

உடனே நம்பிவிட்டார். ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு நாள் கழித்து விசாரணை. ராவ் சார் மேசைமேல் நைனாவின் படிவம், அட்டை, அந்தக் கட்டின் சீட்டு மூன்றும் இருந்தன. டாக்டரும் இருந்தார். நானும் ஸ்டெல்லாவும் நின்றுகொண்டிருந்தோம்.

"மிஷின் தப்பு பண்ணலம்மா" என்றார் ராவ் சார். தம் மகனுக்காகப் பரிந்து பேசுவது போலிருந்தது அவர் குரல். "படிவத்துல ரெண்டு, கார்டுல பூஜ்யம். பஞ்ச் பண்றவங்க கை தவறும், அது சகஜம். அதுவும் சரோஜா தன் சொந்தத் தகப்பனாருக்கு வேணும்னா செய்வா? ஆனா அதைப் பிடிக்கத்தானே இன்னொருத்தர ஒக்கார வெச்சிருக்கேன்! ஸ்டெல்லா, இது உன் கையெழுத்துதானே? நீ பாத்தியா இல்லியா?"

ஸ்டெல்லா சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல நிமிர்ந்தாள். அவளுக்கு அந்த நாள் நினைவுக்கு வந்துவிட்டது.

"நான் பாக்கல சார். அன்னிக்கி சரோஜாவே பாத்துட்டேன்னு சொன்னா. நான் கையெழுத்து மட்டும் போட்டேன்."

ராவ் சார் என்னிடம் திரும்பினார். "அப்படியாம்மா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். 'ஆமாம் சார்.' அவ்வளவுதான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், கை இரண்டு முறையும் எப்படித் தவறும் என்ற கேள்வி எழும். அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு.

"ஞாபகமில்ல சார்" என்றேன்.

இல்லை என்று சொல்லும் துணிவுகூட எனக்கு இல்லை, பார்த்தீர்களா? ஞாபகமில்லை...! ஸ்டெல்லா என் முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை. கூட்டத்தில் யாரையோ தெரிந்தவர் என்று நினைத்துக் கூப்பிட்டு, திரும்பிய முகம் வேறாக இருந்தால் எப்படிப் பார்ப்போம்? அப்படிப் பார்த்தாள்.

பார்க்காமல் கையெழுத்திட்டது, அதை மறைக்கத் தோழிமேல் பழி போட்டது என்று எழுதி அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். மாதக் கடைசியில் வீட்டையும் காலி செய்யச் சொன்னார்கள். தாயும் மகளும் ஆண்டர்சன்பேட்டையில் ஓர் ஒற்றை அறைக்குக் குடிபோனார்கள். எந்த வீடு போய்விடும் என்று பயந்து நான் அந்த விசையை அழுத்தினேனோ, அந்த வீடு எங்களுக்கு இன்னும் சில மாதம் இருந்தது. அவளுடையது போயிற்று.

லைனில் எல்லோரும் எனக்காகப் பரிதாபப்பட்டார்கள். "கூடப் பொறந்தவ மாரி பழகிட்டு, இப்டியா ஒருத்தி துரோகம் பண்ணுவா!" என்றார்கள். துரோகம் செய்யப்பட்டவளின் ஆசனத்தில் என்னை உட்கார வைத்தார்கள். நான் அதில் அமர்ந்தேன்! அமர்ந்தது மட்டுமா? சில நாள்களில் அது எனக்கே உண்மை போலத் தோன்றத் தொடங்கியது. அவள் ஏன் அன்று சாப்பிடப் போனாள்? ஏன் பார்க்காமல் கையெழுத்திட்டாள்? அவள் வேலையை அவள் செய்திருந்தால் நைனாவுக்கு இந்தக் கதி வந்திருக்காதே... மனம் எத்தகைய வழக்கறிஞர் என்பதை நான் அப்போது கண்டுகொண்டேன்.

நைனா கொஞ்சம் தேறி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின், ஒருநாள் காலையில் ஆண்டர்சன்பேட்டை மருந்துக்கடைக்கு அவரை அழைத்துப் போனேன். பத்தடிக்கு ஒருமுறை நின்று நின்று நடந்தார். கடையை நெருங்கியபோது எதிரே ஸ்டெல்லா வந்தாள். கையில் காய்கறிப் பை. எங்களைக் கண்டதும் ஒதுங்கப் பார்த்தாள். நைனா பார்த்துவிட்டார்.

"நில்லுடி!"

கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது.

"எம்மூட்டு சோத்தத் தின்னுட்டு, என்னிய நைனான்னு கூப்ட்டுக்கினு... இந்தக் கதிக்கு ஆளாக்கிட்டியேடி! ஒரு நம்பரு பாக்க உனக்குக் கண்ணு இல்லியா? அதுவும் போதாதுன்னு எம்பொண்ணு மேல பழி போட்டியாமே? நீ நல்லா இருப்பியா?"

மேற்கொண்டு பேச மூச்சு வரவில்லை. மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். நான் திகைத்து நின்றேன். ஸ்டெல்லா பையைத் தரையில் போட்டுவிட்டு ஓடிவந்து அவருடைய தோளைத் தாங்கினாள். மருந்துக்கடை முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தாள். முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"பேசாதீங்க நைனா. மெதுவா... மெதுவா மூச்சு உடுங்க. அப்பறமா என்னியத் திட்டலாம்."

அவர் அவளுடைய கையைத் தட்டிவிட்டார். அவள் எழுந்து என்னை நேராகப் பார்த்தாள். எங்கள் இருவருக்கும் நடுவில் அவர் உட்கார்ந்திருந்தார்.

"நீயே சொல்லு, சரோ" என்றாள். குரலை உயர்த்தவில்லை.

அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எப்போது புரிந்துகொண்டாளோ, அறியேன். விசாரணை அறையிலேயா, காலி செய்த வீட்டைப் பூட்டியபோதா? அவள் சொல்லியிருக்கலாம். அந்தத் தெரு முழுதும் கேட்கும்படி சொல்லியிருக்கலாம்! மூச்சுக்குத் தவிக்கும் ஒரு மனிதரிடம் 'உங்களுக்கு இதைச் செய்தவள் உங்கள் மகள்' என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அதை என்னிடமே விட்டாள்.

"வாங்க நைனா, வீட்டுக்குப் போலாம்" என்றேன்.

ஸ்டெல்லா குனிந்து சிதறிய தக்காளிகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அதன்பின் எனக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. ராவ் சார்தான் எனக்காகச் சிபாரிசுக் கடிதம் எழுதினார். 'நேர்மையானவர், துல்லியமானவர்' என்று எழுதியிருந்தார். அம்மாவையும் நைனாவையும் அழைத்துவந்து ஓர் அறையில் வைத்துக்கொண்டேன். நான் போட்ட திட்டப்படியே எல்லாம் நடந்தது. நைனாவால் மட்டும் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் ஜன்னலோரம் தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தபடியே இருந்தார். ஒன்றரை வருடம்.

கடைசி வாரத்தில் ஒருநாள் மாலை என் கையைப் பிடித்துக்கொண்டார். "உன்னிய நெனச்சா எனக்குப் பெருமையா கீது கண்ணு. அந்தப் பாவி மட்டும் அன்னிக்கி ஒழுங்காப் பாத்திருந்தா..."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டாமா? சாகப் போகிறவரை ஏன் வருத்த வேண்டும் என்று எண்ணினேன். அது கருணையா? இல்லை... அவர் என்னை வேறு விதமாகப் பார்த்துவிட்டுச் சாவதை என்னால் தாங்க முடியாது. அவர் இன்னொருத்தியைச் சபித்துக்கொண்டே போனார். போகட்டும் என்று விட்டேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் வயது, பயம், ஆசை என்று ஏதாவது காரணம் சொல்லி உங்களிடம் மன்னிப்புக் கேட்டிருப்பேன். போன ஆண்டு நடந்ததையும் கேளுங்கள். அப்போது நான் இருபத்திரண்டு வயதுப் பெண் அல்ல.

எங்கள் பிரிவுக்குத் துளையிடும் வேலைக்கு ஆள் எடுத்தோம். தேர்வுக் குழுவில் மூவர். அவர்களில் ஒருத்தி நான். தலைமை அதிகாரி விண்ணப்பங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஒன்றில் நின்றார்.

"இவங்க கேஜிஎஃப். மிஷின்ல நல்ல அனுபவம் இருக்கு. ஆனா பழைய இடத்துல கவனக்குறைவுன்னு நீக்கியிருக்காங்க. அதை மறைக்காம அவங்களே எழுதியிருக்காங்க. நீங்களும் அந்த ஊர்தானே, மேடம்? இவங்களத் தெரியுமா?"

எம். ஸ்டெல்லா. அந்தக் கையெழுத்து மாறவேயில்லை.

"தெரியாது சார்" என்றேன்.

நாக்கு ஒருகணம்கூடத் தயங்கவில்லை. பயிற்சி பெற்ற நாக்கு!

உள்ளே வந்தாள். மெலிந்திருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. நடுவில் அமர்ந்திருந்த என்னைப் பார்த்தாள். அதிகாரி புன்னகையுடன் கேட்டார்: "இவங்க சரோஜா மேடம். உங்க ஊர்தான். பார்த்திருக்கீங்களா?"

அவள் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலேயே பதில் சொன்னாள்.

"அங்க ஒரு சரோஜாவத் தெரியும் சார். இவங்க இல்ல."

அவளுக்குச் சோதனை கொடுத்தவள் நான். ஐம்பது அட்டைகள். ஒரு பிழைகூட இல்லை. விரல்கள் மட்டும் ஓடின. ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. முடித்துவிட்டு, "தேங்க்ஸ் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"திறமையிருக்கு. ஆனா நீக்கினவங்கள எடுத்தா நாளைக்கு நம்மளக் கேப்பாங்க" என்றார் அதிகாரி. என் கருத்தையும் கேட்டார். நான் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். 'அந்தத் தவறு அவளுடையதல்ல, சார்.' அது யாருடையது என்று அவர் உடனே கேட்டிருப்பார். இந்த நாற்காலி, இந்தப் பெயர்...

"உங்க முடிவுதான் சார்" என்றேன்.

தேர்வாகவில்லை என்ற கடிதம் தயாராகி என் மேசைக்கு வந்தது. அதில் கையெழுத்திட வேண்டியவள் நான். படித்துப் பார்த்தேன். எழுத்துப்பிழை இருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன். கையெழுத்திட்டேன்.

கடிதத்தின் தலைப்பில் அவளுடைய முகவரி இருந்தது. சிவாஜி நகர்ப் பக்கம். இந்த அலுவலகத்திலிருந்து இருபது நிமிடம் நடந்தால் போதும். வீட்டு எண்கூட மனப்பாடமாக இருக்கிறது.

இன்றுவரை போகவில்லை.